நாலு மடங்கு வோல்ட்

நகரும் எதற்கும் ஓர் அலைநீளம் உண்டு. எலக்ட்ரானுக்கு உண்டு. ஒரகடம் சாலையில் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு போகும் டிரெய்லருக்கு உண்டு. காலை ஷிஃப்டுக்கு மூச்சு வாங்க ஓடுகிற எனக்கும் உண்டு. எடையும் வேகமும் கூடக்கூட அலை சுருங்கும். நான் நடக்கும்போது என் அலையின் நீளத்தை மீட்டரில் எழுதினால், புள்ளிக்குப் பிறகு முப்பத்துநான்கு சுழியங்கள் போட்டுவிட்டுத்தான் முதல் எண்ணைப் போட முடியும். இருக்கிறது, ஆனால் யாரும் பார்க்கப்போவதில்லை. இந்தக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் நான் இருந்ததும் ஏறக்குறைய அந்த அளவில்தான்.

இதையெல்லாம் எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரி, பி.எஸ்சி. இயற்பியல், மூன்று வருஷம். வேலைக்கு விண்ணப்பம் எழுதியபோது அந்த மூன்று வருஷத்தை நான் எழுதவில்லை. ஹாஸ்டலில் எனக்கு முன்பே வந்திருந்த பெண்கள்தான் சொன்னார்கள். "டிகிரின்னு போட்டா லைன்ல எடுக்க மாட்டாங்க. நாலு மாசத்துல ஓடிருவான்னு நினைப்பாங்க. பன்னெண்டுன்னு மட்டும் போடு." அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம். மூன்று பேர் பட்டதாரிகள். கம்பெனிக் கோப்பில் ஆறு பேருமே பன்னிரண்டாம் வகுப்பு. யாரும் இதைப் பொய் என்று நினைக்கவில்லை. குட்டையான வாசலில் குனிந்து நுழைவதைப் போல ஒரு காரியம், அவ்வளவுதான். குனிந்தவள் பிறகு நிமிரவே இல்லை என்பது வேறு விஷயம்.

என் வேலை இன்ஸ்பெக்‌ஷன். டீசல் இன்ஜினுக்குள் எண்ணெயைத் தெளிக்கிற ஊசிகள். தட்டுத் தட்டாகப் பெல்ட்டில் வரும். வட்ட விளக்குக்கும் லென்ஸுக்கும் அடியில் பிடித்து, நுனியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, நல்லதை வலப்பக்கமும் கெட்டதை சிவப்புப் பெட்டியிலும் போட வேண்டும். எட்டு மணி நேரம் ஊசி நுனி. அறைக்கு வந்து கண்ணை மூடினாலும் ஊசி நுனி. எல்லோருக்கும் நாற்பதுக்கு மேல் வருகிற வெள்ளெழுத்து எனக்கும் வந்தது, கண்ணாடி போட்டேன். பிறகு கண்ணாடிக்கும் அடங்காத ஒரு கலங்கல் வந்தது. வாலாஜாபாத்தில் ஒரு கண் டாக்டரைப் பார்த்தேன். பக்கத்திலேயே டாக்டர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே கம்பெனி ஆட்கள் யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "கிட்டத்துல வெச்சுப் பாக்குற வேலைய நிறுத்துங்கம்மா, தூரத்துல பெருசாப் பாக்குற வேலை ஏதாவது இருந்தா பாருங்க" என்றார். வேலையைக் காய்கறி மாதிரி மாற்றி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிற நல்ல மனுஷர்.

கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை. கிட்டத்து எழுத்துக்களின் கடைசி வரியைப் படிக்க முடியாதவர்கள் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்க முடியாது. பேக்கிங்குக்குப் போக வேண்டும். பேக்கிங் என்றால் பெட்டி தூக்குவது. நாற்பத்தாறு வயதில், ஏற்கெனவே இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வருகிறவளுக்கு அது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அந்த வருஷத்துப் பரிசோதனைக்கு இரண்டு மாதம் இருந்தபோதுதான் நோட்டீஸ் போர்டில் அந்தத் தாள் ஒட்டப்பட்டது.

லேப்புக்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வருகிறது. அதை இயக்க உள்ளேயிருந்தே ஒருவர் தேவை. இருபத்தைந்து கேள்விகளுக்கு எழுத்துத் தேர்வு. அதிக மதிப்பெண் எடுத்தவருக்கு வேலை. மதிப்பெண் சமமாக இருந்தால் சர்வீஸ் அதிகம் உள்ளவருக்கு.

லேப் என்றால் ஜெனரல் ஷிஃப்ட். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை. ஏசி. முதுகு சாயும் நாற்காலி. ஊசி நுனி லென்ஸுக்கடியில் இல்லை, ஒரு பெரிய திரையில் மலை மாதிரி நிற்கும். கீறலைத் தேட வேண்டாம், கீறல் ஒரு பள்ளத்தாக்காக எதிரே கிடக்கும். தூரத்தில் பெரிதாகப் பார்க்கிற வேலை. அந்த டாக்டர் சொன்ன காய்கறி.

இருபது பேருக்குமேல் பேர் கொடுத்தார்கள். ஆனால் உண்மையில் இரண்டு பேர்தான் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். ஒன்று நான். இன்னொன்று என் பக்கத்து மேஜைக்காரி.

அவள் மணிமங்கலத்துக்காரி. என்னைவிட எட்டு வயது சின்னவள், பதினோரு வருஷ சர்வீஸ். அவர்கள் நிலத்தின் ஒரு பகுதி ஏதோ ஒரு கம்பெனியின் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. எந்த மூலை என்று அவளுக்கே இப்போது தெரியாது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் அவளை வாய் தவறி "ஏட்டி" என்று கூப்பிட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் தங்கச்சி வயதுப் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"இன்னாது? ஏட்டியா? எங்கூட்டுக்காரு இன்னா ஸ்டேஷன்ல ஏட்டா கீறாரா?"

"அது அந்த ஏட்டு இல்லட்டி."

"மறுபடியும் பாரு! சரி, ஏட்டம்மான்னே கூப்டு. சல்யூட்டு அடிச்சிட்டுக் கூப்டு."

அன்று முதல் அவள் எனக்கு ஏட்டி, நான் அவளுக்கு அக்கா. பதினோரு வருஷம் ஒரே பஸ்ஸில் ஒரே சீட். நான் முந்தின நிறுத்தத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். அவள் மணிமங்கலத்தில் ஏறுவாள், தலை ஈரம் காயாமல், வாயில் இன்னும் இட்லியோடு. என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்காமல் அவள் உட்கார்ந்ததே இல்லை. "தெனமும் புளிக்கொயம்பு. ஒங்க ஊர்ல பருப்பே வெளையாதாக்கா?" அவளுக்கு நான் எல்லாம் சொல்லியிருக்கிறேன். கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷத்தில் அது முடிந்தது வரைக்கும். பி.எஸ்சி.யைத் தவிர. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. படிக்காதவள் என்பதில் ஒரு வெட்கமும் இல்லை. படித்துவிட்டு இங்கே இருக்கிறேன் என்பதில்தான்.

அவளுக்கும் அந்த நாற்காலி வேண்டும். அவள் மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கணவர் கார் ஏற்றும் டிரெய்லர் ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் சாலையில். செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் அவள் வீடு திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். காலையில் மகள் கிளம்பும்போது இவள் தூங்கியிருப்பாள். "ஒரே வூட்ல கீறோம், வாட்ஸப்ல பேசிக்கிறோம்க்கா" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஜெனரல் ஷிஃப்ட் கிடைத்தால் பத்தாவதுப் பரீட்சை வரைக்குமாவது மகள் எதிரே உட்கார்ந்திருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லித்தர முடியாது என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்திருந்தால் போதும்.

ஆக, ஒரு நாற்காலி. என் கண். அவள் மகள். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கும் அளவு நல்ல மனம் எனக்கு அப்போது இருந்தது என்று எழுதினால் பொய். நான் தராசைத் தொடவே இல்லை.

தேர்வுக்குப் படிக்க நான்கு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். தயாரித்தவர் எங்கள் குவாலிட்டி இன்ஜினியர். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். மரியாதையான பையன், வேலையில் கெட்டிக்காரர். கேள்வித்தாளும் அவர்தான். மூன்று தாள்களில் சுத்தம், பாதுகாப்பு, எந்தப் பொத்தான் எதற்கு. நான்காவது தாளில் கொஞ்சம் இயற்பியல். சாதாரண வெளிச்சத்தின் அலை நீளமானது, அதைவிடச் சின்னக் கீறலை அதனால் காட்ட முடியாது. எலக்ட்ரானின் அலை மிகச் சிறியது, அதனால் காட்டும். அலைநீளம் என்பது h-ஐ நிறையும் வேகமும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பது. h என்பது ஒரு மாறாத எண். வோல்ட்டை ஏற்றினால் எலக்ட்ரான் வேகமாக ஓடும், அலை சுருங்கும். அத்தோடு தாள் முடிந்தது. வோல்ட்டை ஏற்றினால் வேகம் எவ்வளவு ஏறும் என்று அதில் இல்லை.

அந்தத் தாளை நான் ஹாஸ்டல் குளியலறையில் படித்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள். அறைக்காரிகள் பார்க்கக் கூடாது என்று. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் சாக்பீஸ் தூள் பறக்க யாரோ கரும்பலகையில் எழுதிய அதே வரி, ஜெராக்ஸ் மையில் மங்கலாக. குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. எவ்வளவு சுலபமாக எனக்கு இது தெரிகிறது என்று ஆத்திரம். விட்ட இடம் ஞாபகம் இருந்தது: வோல்ட் கொடுப்பது வேகத்தை அல்ல, ஆற்றலை. இயக்க ஆற்றல் என்பது பாதி நிறை, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். வர்க்கம் என்பதால் ஆற்றல் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்குதான் ஆகும். வேகம் இரண்டு மடங்கானால் அலை பாதியாகும். மிக அதிக வோல்ட்டில் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும். எங்கள் மெஷின் அளவுக்கு அது தூசு.

தேர்வுக்கு முந்தின நாள் காலை. பஸ் படப்பை தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் அந்த நான்காவது தாளை மடித்து மடித்துத் துணி மாதிரி ஆக்கி வைத்திருந்தாள்.

"க்கா, இத்தக் கொஞ்சம் பாரேன். வோல்ட்டு ஏத்துனா ஸ்பீடு ஏறும்னு போட்டுகீது. எவ்ளோ ஏறும்னு போடல."

"ம்."

"நம்ம பெல்ட்டு மாரிதான இதுவும்?"

எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் பெல்ட்டைச் சொல்கிறாள். சின்ன டிசி மோட்டார். பக்கத்தில் ஒரு திருகு, அதற்கு மேல் வோல்ட் காட்டும் எண். பன்னிரண்டு வைத்தால் நிமிஷத்துக்கு இத்தனை தட்டு, இருபத்துநான்கு வைத்தால் அதைப் போல இரண்டு மடங்கு. திருகுக்கு மேலே ஒரு ஸ்டிக்கரே உண்டு: வோல்ட் டபுள், ஸ்பீடு டபுள். ஒட்டியவர் அந்த இன்ஜினியர்தான், டிரெய்னியாக வந்த புதிதில். பதினோரு வருஷமாக அவள் உடம்பே அந்தக் கணக்கைக் கற்றிருந்தது. சூப்பர்வைசர் திருகைத் தொட்டால், எண்ணைப் பார்க்காமலே அவள் கைவேகம் மாறும்.

மோட்டாருக்கு அது சரி. எலக்ட்ரானுக்கு அது தவறு. சொல்ல அரை நிமிஷம் போதும்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு டிரெய்லர், அதன் பின்னால் இன்னொரு டிரெய்லர்.

"அப்படித்தாண்டி இருக்கும்" என்றேன்.

"அதான பாத்தேன். ஸ்பீடுன்னா ஸ்பீடுதான. அதுல இன்னா எலக்ட்ரானு ஸ்பீடு, பெல்ட்டு ஸ்பீடுன்னு." தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஒரகடம் சிக்னல் வரைக்கும். அவள் தலையின் கனம் என் தோளில் இருந்தது. நான் அசையவில்லை. அசையாமல் இருந்ததை அப்போது பாசம் என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தேர்வு டிரெய்னிங் ஹாலில் நடந்தது. பதினேழாவது கேள்வி அதுதான். வோல்ட் ஐந்தாயிரத்திலிருந்து இருபதாயிரமாக ஏற்றப்பட்டால் எலக்ட்ரானின் அலைநீளம் என்ன ஆகும்? இரு மடங்கு, பாதி, கால் பங்கு, மாறாது. நான் 'பாதி'யை வட்டமிட்டேன். பேனா தாளில் பதிந்தபோது ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். இரண்டு வரிசை தள்ளி அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஏதோ வட்டமிட்டாள். என்ன என்று எனக்குத் தெரியும். நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

மூன்றாம் நாள் போர்டில் முடிவு ஒட்டினார்கள். அவள் இருபத்திரண்டு. நான் இருபத்தொன்று.

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கேன்டீன் வாசலில், எல்லோரும் பார்க்க. "உனுக்குக் கெடச்சிருந்தாலும் நான் இப்டித்தான்க்கா அயுதிருப்பேன்" என்றாள். அது உண்மை என்பதால்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே மனதுக்குள் கேள்விகளை ஒவ்வொன்றாக ஓட்டினேன். நான்கு தவறு எங்கே. பாதுகாப்பில் இரண்டு, பொத்தானில் ஒன்று. அது மூன்று. நான்காவது எது?

மதியம் இன்ஜினியரின் கேபினுக்குப் போனேன். விடைத்தாளைப் பார்க்க வேண்டும் என்றேன். தயங்காமல் எடுத்துக் காட்டினார். பதினேழில் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. பக்கத்தில் அவர் விடை: கால் பங்கு.

"சார், இது பாதிதான்."

"இல்லம்மா. வோல்ட் நாலு மடங்கு ஏறுதில்ல? ஸ்பீடு நாலு மடங்கு. அப்ப அலை கால்." சிரித்தார். "நம்ம பெல்ட் ஸ்டிக்கர் ஞாபகம் இல்லையா உங்களுக்கு?"

அவரும் அந்தப் பெல்ட்டின் பக்கத்தில் வளர்ந்தவர்தான். இன்ஜினியரிங் படித்திருந்தார். எப்போதோ இதைச் சரியாக எழுதி மார்க்கும் வாங்கியிருப்பார். பத்து வருஷம் தினமும் திருகைத் திருகிய கை, படித்ததன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இந்தச் சாலையில் இப்படித்தான் எல்லோரும் படித்ததை மறக்கிறோம். சிலர் மறைத்து, சிலர் திருகி.

இன்ஸ்பெக்‌ஷன் ஷீட் ஒன்றைத் திருப்பிப்போட்டு எழுதினேன். வோல்ட் பெருக்கல் மின்னூட்டம், அது ஆற்றல், E. ஆற்றல் சமம் பாதி m v வர்க்கம். அதிலிருந்து v-ஐப் பிரித்தேன். வர்க்கமூலக் குறி போட்டேன், நீளமாக, ஆசையாக. எத்தனை வருஷம் ஆகிவிட்டது அந்தக் குறியைப் போட்டு. பிறகு அதை அலைநீள வாய்பாட்டில் கீழே நுழைத்தேன். h-க்குக் கீழே இரண்டு m E-யின் வர்க்கமூலம். "E நாலானா, மூலம் ரெண்டு. அலை பாதி. ஐயாயிரத்துக்குப் போட்டுப் பாருங்க சார், இருபதாயிரத்துக்கும் போட்டுப் பாருங்க. போன்ல கால்குலேட்டர் இருக்குல்லா."

அவர் போட்டுப் பார்த்தார். ஒருமுறை. இன்னொருமுறை. முகம் மாறியது. நல்ல பையன், மாறியதை மறைக்கத் தெரியவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"கரெக்ட்தான்" என்றார் மெதுவாக. பிறகு தாளிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்கலாம். யூடியூபில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்: "நான் பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் சார். ஃபர்ஸ்ட் கிளாஸ்."

அதற்குப் பிறகு நடந்தது இயற்பியல் இல்லை. அவர் ஹெச்ஆர் அறைக்குக் கூட்டிப்போனார். ஹெச்ஆர் மேனேஜர் என் கோப்பைத் தருவித்தார். பழுப்பேறிய விண்ணப்பம், என் இருபத்தெட்டு வயதுக் கையெழுத்து. 'கல்வித் தகுதி: பன்னிரண்டாம் வகுப்பு. மேலே கொடுத்த தகவல்கள் உண்மை.' அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு மேனேஜர் மிக இதமாகப் பேசினார்.

"பாருங்கம்மா, கேள்வி தப்பா ரைட்டான்னு நாங்க பேசலாம். அப்ப இதையும் பேசணும். தகவல மறச்சிருக்கீங்க. கம்பெனி ஸ்டாண்டிங் ஆர்டர்ல இதுக்கு டிஸ்மிஸ் வரைக்கும் இருக்கு, தெரியும்ல?"

"எல்லாரும் அப்படித்தான் சார் எழுதினோம்."

"எல்லாரும் இப்ப எங்கிட்ட வந்து நிக்கலையே."

இன்ஜினியர் சுவரில் இருந்த பாதுகாப்புப் போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட் அணிவீர். அவர் வாயைத் திறந்திருந்தால் அவர் விடைத்தாளும் திறக்கப்பட்டிருக்கும். திறக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். பஸ்ஸில் நானும் அப்படித்தானே ஜன்னலுக்கு வெளியே எதையோ படித்தேன்.

கடைசியில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். தேர்வு முடிவில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று. பதிலுக்கு அவர்கள் என் கோப்பை மூடினார்கள். வெளியே வரும்போது மேனேஜர் "டீ குடிச்சிட்டுப் போங்கம்மா" என்றார். குடித்தேன். அதுதான் இன்னும் கூசுகிறது.

கம்பெனியில் எதுவும் அறைக்குள் நிற்பதில்லை. இரண்டு நாளில் லைனுக்கே தெரிந்துவிட்டது. நான் டிகிரி, நான் கேள்வியில் தப்புக் கண்டுபிடித்தேன், நான் கையெழுத்துப் போட்டேன். "இன்னா மேடம், நோபல் பிரைஸு எப்போ?" என்றான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பேசவும் இல்லை. அடுத்த இரண்டு நாளும் பஸ்ஸில் அவளுக்காகப் பையை வைத்து இடம் பிடித்தேன். அவள் பின்னால் போய் நின்றுகொண்டே வந்தாள்.

மூன்றாம் நாள் ஷிஃப்ட் முடிந்து பஸ்கள் நிற்கும் இடத்தில் என் முன்னால் வந்து நின்றாள்.

"நீ டிகிரின்னு எங்கிட்ட சொல்லல. சரி, வுடு. பஸ்ல நான் உன்னாண்ட கேட்டேனா இல்லியா?"

"கேட்ட."

"உனுக்கு ஆன்ஸர் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினே அப்டித்தான்னு சொன்ன."

கையில் சாப்பாட்டுப் பை இருந்தது. அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"நான் தப்பா எய்தணும்னு சொன்ன. அந்தத் தப்புதான் சரின்னு வெச்சிருந்தானுங்க. அதனால எனுக்கு மார்க்கு." அவள் விரல்களை மடக்கினாள். மார்க் கணக்கில் அவள் எப்போதும் என்னைவிட வேகம். "நீ நெசத்த சொல்லிருந்தா நானும் பாதின்னு போட்டிருப்பேன். எனுக்கும் கோடு போட்டிருப்பான். அப்போ எனுக்கும் இருவத்தொண்ணு, உனுக்கும் இருவத்தொண்ணு. சமமா வந்தா யாருக்கு? சர்வீஸு அதிகம் கீறவங்களுக்கு. உனுக்குத்தான்க்கா வந்திருக்கும் அந்த சேரு."

அதை நான் யோசித்திருக்கவில்லை. வர்க்கமூலம் வரைக்கும் போனவள் இந்தக் கூட்டல் வரைக்கும் வரவில்லை. சத்தியமாக அந்த நிமிஷம் வரைக்கும் என்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்கள் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. புகை காலைச் சுற்றியது.

"இப்போவாச்சும் சொல்லு" என்றாள். "ஏன் பாதி? நாளிக்கு அந்த மெஷினாண்ட நான்தான் குந்தணும். தப்பாத் தெரிஞ்சிகினு குந்த மாட்டேன்."

சொன்னேன். தாள் இல்லை, பேனா இல்லை. வோல்ட் கொடுக்கிறது வேகம் இல்லட்டி, சக்தி. வேகம் ரெண்டு மடங்காகணும்னா சக்தி நாலு மடங்கு வேணும், ஒண்ணுக்கு ஒண்ணுன்னு ஏறாது. நான் முடிப்பதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இரு இரு. எங்கூட்டுக்காரு வண்டியப் பத்திச் சொல்லுவாரு. நாப்பதுல போயிகினு பிரேக்கு போட்டா இவ்ளோ தூரத்துல நிக்கும். எம்பதுல போயிகினு போட்டா ரெண்டு மடங்கு தூரம் இல்ல, நாலு மடங்கு தூரம் இயுத்துகினு போவும்னு. அதுவா?"

"அதுதான்."

"வண்டில இருக்குற அந்த வேகத்த ஆத்தணும்ல, அதுக்கு."

"ஆமா. அதுதான் சக்தி. இங்க தலைகீழா. நாலு மடங்கு சக்தி குடுத்தா ரெண்டு மடங்கு வேகந்தான் கிடைக்கும். வேகம் ரெண்டு மடங்குன்னா அலை பாதி."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் கூட அவள் முகத்தில் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்."

"இத்தச் சொல்றதுக்கு உனுக்கு இன்னாக்கா..."

முடிக்கவில்லை. எங்கள் பஸ் ஹாரன் அடித்தது. புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அடுத்த நாளிலிருந்து அவளுக்கு ஒன்பது மணி ஷிஃப்ட் பஸ். அடுத்து வந்த கண் பரிசோதனையில் கடைசி வரியில் எட்டு எழுத்துகள் இருந்தன, நான் இரண்டைப் படித்தேன், இரண்டாவது தவறு. நான் பேக்கிங்கில் இருக்கிறேன்.